ஒரே பாறை, ஒரே கோணம்

இருபது மீட்டர் ஆழத்தில் கை கிழிந்தால் வெளியே வருகிற ரத்தம் சிவப்பாக இருக்காது, கரும்பச்சையாக இருக்கும். இதை எனக்குச் சொன்னவர் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் வீடியோ எடுத்துப் பிழைப்பவர். (தீவுக்கு 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு என்று பெயர். படகுக்காரர்கள் வாயில் இன்னமும் ஹேவ்லாக்தான்.) கல்யாண வீடியோ அல்ல, கடலுக்கு அடியில் எடுக்கிற வீடியோ. போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிய குடும்பம். "பேரு வேண்டாமே சார், வேலையைப் பத்தி எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

அவரைச் சந்தித்தது சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதத்தில். நீச்சல் என்றால் ஊர்க் கிணறு மட்டுமே தெரிந்த நான், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மகளின் வற்புறுத்தலால் ஸ்கூபா என்கிற விபரீதத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். டாக்டர் சான்றிதழ், 'எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு' என்கிற காகிதத்தில் கையெழுத்து, எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு கேள்வி வந்தது: "வீடியோ வேணுமா சார்?" கூடுதல் கட்டணம். வேண்டும் என்றேன். ஊருக்குத் திரும்பினால் நண்பர்களிடம் காட்ட ஆதாரம் வேண்டாமா?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கரையோரம் உலாவியபோது டைவிங் கடையின் பின்னறையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்து, ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். நகைக்கடையில் கல்லைச் சோதிப்பவரின் முகம். என்னைப் பார்த்ததும் வளையத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் சார் எங்க தொழில். கேமரா எல்லாம் அப்புறம்."

வளையத்துக்கு ஓ-ரிங் என்று பெயர். கடலடியில் படமெடுக்கும் நல்ல கேமராக்கள் பெரும்பாலும் சாதாரணக் கேமராக்களே. தண்ணீருக்கும் அவற்றுக்கும் ஆகாது. அலுமினியத்திலோ தடித்த பிளாஸ்டிக்கிலோ செய்த பெட்டிக்குள் உட்காரவைத்துத்தான் அவற்றை இறக்க வேண்டும். இவர்கள் பாஷையில் அது ஹவுசிங். சில சமயம் கேமராவைவிட ஹவுசிங் விலை அதிகம். பெட்டியின் கதவைச் சுற்றியும், ஒவ்வொரு பட்டனும் உள்ளே நுழைகிற துளையிலும் ரப்பர் வளையங்கள்தான் காவல். 

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ கூடுதலாக அழுத்தும். முப்பது மீட்டரில் மூன்று கிலோ. இருபதுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அளவுள்ள கதவின்மேல் மொத்தம் 900 கிலோ. ஒரு சின்னக் கார் ஏறி நிற்கிற மாதிரி. வேடிக்கை என்னவென்றால் இந்த அழுத்தம் எதிரி அல்ல. கதவை வளையத்தோடு சேர்த்து அமுக்கி இன்னும் இறுக்கமாக மூடிவிடுகிறது. ஆபத்து பெரும்பாலும் மேல்மட்டத்தில்தான், அழுத்தம் சேர்வதற்கு முன்னால். வளையத்தின்மேல் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், துண்டிலிருந்து உதிர்ந்த ஒரு நூல் இருந்தால் போதும். முதல் இரண்டு மூன்று மீட்டரிலேயே பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிடும். உப்புத் தண்ணீர் குடித்த கேமராவுக்கு அநேகமாக வைத்தியம் கிடையாது.

அவர் இதுவரை இரண்டு கேமராக்களைப் பறிகொடுத்திருக்கிறார். இரண்டாவது முறை வில்லன் அவருடைய தலைமுடியேதான். அதிலிருந்து பெட்டியை மூடும்போது தலையில் கைக்குட்டை கட்டிக்கொள்கிறார்.

வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவினார். அளவோடு, பளபளப்பு வருகிற வரை மட்டும். அதிகம் தடவினால் அதுவே மணலைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்ச உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்தார். பெட்டியை மூடினார். கைப்பம்பால் உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சினார். ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. "காலைல வரைக்கும் பச்சையா இருந்தா எங்கேயும் கசிவு இல்லைன்னு அர்த்தம். சிவப்பானா நாளைக்கு உங்களுக்கு வீடியோ கிடையாது." காலையில் படகிலேயே மூடிக்கொள்ளலாமே என்றேன். கடற்காற்றின் ஈரம் பெட்டிக்குள் அடைபட்டுவிடும், குளிர்ந்த நீரில் இறங்கியதும் கண்ணாடியில் பனி மாதிரி படியும் என்றார்.

கேமராவைத் திறக்காமலே இத்தனை வேலை.

மறுநாள் எட்டு மீட்டர் ஆழத்துக்கு இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட இறக்கப்பட்டேன் என்பதே சரி. பின்னாலிருந்து ஒரு பயிற்சியாளர் என் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் ஐந்து நிமிடம் என் மூச்சுச் சத்தத்தைத் தவிர எதுவும் மனதில் பதியவில்லை. பிறகு மகளைப் பார்த்தேன். மேலே படகில் ரத்தச் சிவப்பாக இருந்த அவள் சட்டை, அழுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். சட்டை மறுபடியும் சிவந்தது. அணைத்தார். பழுப்பு.

தண்ணீர் வெளிச்சத்தைத் தின்கிறது. அதிலும் ஒரு வரிசை வைத்துத் தின்கிறது. முதலில் சிவப்பு. ஐந்தாறு மீட்டருக்குள் பெரும்பகுதி போய்விடும். அடுத்து ஆரஞ்சு, அதற்கப்புறம் மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது பச்சையும் நீலமும். ரத்தம் பச்சையாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். சிவப்பைத் திருப்பி அனுப்ப அங்கே சிவப்பு வெளிச்சமே இல்லை. கண்ணும் மூளையும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. எல்லாவற்றையும் நீலத்தில் முக்கி எடுத்துவிடும்.

இதற்கு மூன்று வைத்தியங்கள் உண்டு. வெள்ளைப் பலகை ஒன்றைக் கேமராவுக்குக் காட்டி, இதுதான் வெள்ளை என்று ஆழத்துக்கு ஆழம் பாடம் நடத்துவது ஒன்று. லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டுவது இன்னொன்று. மூன்றாவது, கூடவே வெளிச்சத்தைக் கொண்டுபோவது. எவ்வளவு பெரிய விளக்கானாலும் அதன் சிவப்பும் தண்ணீரில் தேய்ந்துகொண்டே போகும். விளக்கிலிருந்து மீனுக்குப் போகிற தூரம், மீனிலிருந்து லென்ஸுக்கு வருகிற தூரம், இரண்டையும் கூட்ட வேண்டும். அதனால் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருப்பதற்குத்தான் நிஜமான வண்ணம் கிடைக்கும். இந்தத் தொழிலின் முதல் விதி: கிட்டே போ. இரண்டாவது விதி: இன்னும் கிட்டே போ.

விளக்கை எங்கே வைப்பது என்பதும் ஒரு வித்தை. மார்கழி மாதத்துப் பனியில் காரின் ஹை பீமைப் போட்டால் ரோடு தெரியாது, பனிதான் வெள்ளையாகத் தெரியும். கடலிலும் அதே கதை. தண்ணீரில் மிதக்கும் தூசு துகள்களின்மேல் வெளிச்சம் நேராக அடித்தால், படம் முழுக்கப் பஞ்சு பறக்கும். அதற்காக இரண்டு நீண்ட கைகளில் விளக்குகளை அகல விரித்துப் பக்கவாட்டிலிருந்து அடிக்கிறார்கள். ஹவுசிங், இரண்டு பக்கமும் கைகள், கைநுனியில் விளக்குகள். எதிரே நீந்தி வரும்போது ஒரு பெரிய நண்டு வருகிற மாதிரி இருந்தது.

லென்ஸுக்கும் ஒரு தொல்லை உண்டு. தண்ணீரிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது ஒளி வளைவதால், தட்டையான கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் கால் பங்கு கிட்டே, மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அரை அடி மீனை முக்கால் அடி என்று மீனவர் சொன்னால் பொய் என்கிறோம். ஸ்கூபாக்காரர் சொன்னால் கண்ணாடியின் கோளாறு என்று விட்டுவிடலாம். இதைச் சரிக்கட்டத்தான் லென்ஸுக்கு முன்னால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி டோம் வைக்கிறார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

இவ்வளவும் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். கிடைக்காத ஒன்றை அன்று நேரில் பார்த்தேன். அந்த மனிதர் அசையாமல் நின்றார். 

நின்றார் என்றால் தரையில் அல்ல. பவளத்துக்கு ஒரு முழம் மேலே, எதையும் பிடிக்காமல், அந்தரத்தில். கடலடியில் டிரைபாட் வைக்க இடம் ஏது? கால் ஊன்றினால் உயிர் நசுங்கும். ஒளிப்பதிவாளரின் உடம்பேதான் டிரைபாட். இடுப்பில் ஈயக்கட்டிகள், மேலே காற்று ஊதிய ஜாக்கெட், இவை இரண்டும் சேர்ந்து அவரைத் தூக்காமலும் அமிழ்த்தாமலும் வைக்கின்றன. மிச்சம் நுரையீரலின் வேலை. மூச்சை இழுத்தால் உடம்பு சற்று எழும்பும், விட்டால் தாழும். மூச்சை அடக்கவும் கூடாது. அடக்கியபடி மேலே எழும்பினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே நீளமாக, நிதானமாக மூச்சு விட்டபடி ஷாட் எடுக்க வேண்டும். 

பதற்றப்படுகிறவருக்குக் காற்றும் மிஞ்சாது. வழக்கமான சிலிண்டர் ஒன்றில் சுமார் 2,200 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் போதும் என்றால், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் 60 லிட்டர் செலவாகும். ஆபத்துக்குக் கால் பங்கு ஒதுக்கிவிட்டால் அரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் மீன் வர வேண்டும், திரும்ப வேண்டும், பார்க்க வேண்டும். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும் ரீபிரீதர் இருந்தால் மணிக்கணக்கில் இருக்கலாம். குமிழிச் சத்தம் இல்லாததால் மீன்களும் மிரளாது. பெரிய தொலைக்காட்சிக் குழுக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஹேவ்லாக் வீடியோக்காரருக்கு அது கனவு.

இந்த அழகில் நான் என்ன செய்தேன்? ஒரு நீல மீன் கூட்டத்தைப் பார்த்த பரவசத்தில் உடம்பைத் திருப்பினேன். வலது காலின் துடுப்பு எதிலோ தட்டியது. திரும்பிப் பார்த்தால் மான்கொம்பு மாதிரி கிளைத்திருந்த ஒரு பவளத்தில், ஒரு சாண் நீளக் கிளை முறிந்து மணலில் கிடந்தது. தண்ணீருக்குள் மன்னிப்புக் கேட்க முடியாது. கேட்டாலும் யாரிடம் கேட்பது?

படகில் ஏறியதும் அவரிடம் சொன்னேன். "பார்த்தேன் சார்" என்றார். "ஒரு சாண் வளர ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். நீங்க ஒருத்தர்தானே, பரவாயில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "சீசன்ல ஒரு நாளைக்கு எத்தனை பேர் இறங்கறாங்க தெரியுமா?" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

என் சங்கடத்தைக் குறைக்கத்தானோ என்னவோ, அன்று மாலை அவர் பழைய கதை ஒன்றைச் சொன்னார். இந்தத் தொழிலின் தாத்தாக்களே பெரிய உடைப்பாளிகளாம். சொன்னவை உண்மை. 1943-ல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யான் என்கிற பொறியாளரும் சேர்ந்து, முதுகில் சுமந்தபடி தாராளமாக நீந்தக்கூடிய அக்வா-லங் கருவியை உருவாக்கினார்கள். அதை மாட்டிக்கொண்டு கூஸ்தோ, இளைஞர் லூயி மாலுடன் சேர்ந்து எடுத்த 'மௌன உலகம்' 1956-ல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. அந்தப் பரிசு இன்னொரு ஆவணப்படத்துக்குக் கிடைக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகம் கடலின் வண்ணங்களைப் பெரிய திரையில் பார்த்து வாய் பிளந்தது. அதே படத்தில், எத்தனை வகை மீன்கள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பதற்காகப் பவளத்திட்டில் டைனமைட் வைக்கிறார்கள். கப்பலின் விசிறியில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைச் சுறாக்கள் தின்ன வந்தபோது, மாலுமிகள் சுறாக்களை மேல்தளத்துக்கு இழுத்துப்போட்டு வெட்டுகிறார்கள். அன்று அது வீரமாகத் தெரிந்தது. பின்னாளில் கடலைக் காப்பாற்றச் சொல்லி உலகம் சுற்றியவரும் அதே கூஸ்தோதான். அந்தக் காட்சிகள் இன்னமும் படத்தில் இருக்கின்றன. பார்க்கிறவருக்கு இன்று வயிற்றைப் பிசையும். 1956-ல் மனிதன் கடலை எப்படிப் பார்த்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தலைப்பிலும் ஒரு தவறு உண்டு. அது மௌன உலகம் அல்ல. நானே கேட்டேன், எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஓயாமல் ஒரு பொரியல் சத்தம். நொடிக்கும் ஓசையுள்ள ஒரு வகை இறால்களின் வேலை. ஆனால் தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதுகளால் கண்டுபிடிக்க முடியாது. ஒளிப்பதிவாளர் விடும் குமிழிச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். அதனால் கடல் ஆவணப்படங்களில் நாம் கேட்கிற சலசலப்பும் சரசரப்பும் பெரும்பாலும் பிறகு ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டவை.

எனக்குச் சந்தேகம் வந்தது. வெளிச்சம் மேலிருந்து போகிறது. சத்தம் ஸ்டூடியோவில் சேர்கிறது. வண்ணத்தைக் கம்ப்யூட்டரில் வேறு சரிசெய்கிறார்கள். அப்படியானால் கடல் படத்தில் எதுதான் நிஜம்?

அவர் பதில் சொல்லவில்லை. பின்னறைக்கு அழைத்துப்போய் ஒரு ஹார்ட் டிஸ்கைச் சொருகினார். அதில் சுற்றுலாப் பயணிகளின் வீடியோ இல்லை. 2008-லிருந்து வருஷம் தவறாமல் அவர் எடுத்துவைத்திருக்கும் ஒரே ஒரு பாறை. அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய நங்கூரம் கிடக்கிறது. நங்கூரத்துக்கு நேராக, அதே உயரத்தில், அதே லென்ஸில், தேதி எழுதிய வெள்ளைப் பலகையை முதலில் காட்டிவிட்டு ஒரு நிமிடம். அவ்வளவுதான். இசை இல்லை. சுறா இல்லை. யாரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டவில்லை.

2008: பழுப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பாறையே தெரியாத அளவுக்குப் பவளம். 2010, மே மாதம்: அதே பாறை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. 2011: வெள்ளையும் போய், பாசி படிந்த சாம்பல் பச்சை. பிறகு இரண்டு மூன்று வருஷம் எதுவும் இல்லை. 2015: உள்ளங்கை அகலத்தில் அங்கங்கே புதுக் குருத்துகள். 2016: மறுபடியும் வெள்ளை.

ஐந்தாறு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டேன். அன்று கடலடியில் பார்த்த எதுவும் என்னை அப்படி உலுக்கவில்லை.

பவளம் என்பது கல்லும் அல்ல, செடியும் அல்ல, கோடிக்கணக்கான சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. அவற்றின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடித்தனம் செய்கின்றன. சூரிய ஒளியில் சமைத்து வீட்டுக்காரருக்கும் ஊட்டுவது அவைதான். வண்ணமும் பெரும்பாலும் அவற்றின் உபயம். கடல் வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகி, அது சில வாரம் நீடித்தால் போதும், இந்த உறவு முறிந்து பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. உடம்பின் ஊடே சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும். இல்லையென்றால் பட்டினியில் சாகும். இந்தியக் கடல்களில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் இது நடந்தது. 2024-ல் உலகம் தழுவிய நாலாவது வெளுப்பு அறிவிக்கப்பட்டபோது லட்சத்தீவுகள் கடுமையாக அடிவாங்கின. அதற்கு முன்பே, 1998 தொடங்கி 24 ஆண்டு கண்காணிப்பில், அங்கே உயிருள்ள பவளப் பரப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் 50 மீட்டர் அளவு நாடாவைக் கடல் தரையில் விரித்து, அதன்மேல் ஒரே உயரத்தில், ஆமை வேகத்தில் கேமராவைப் பிடித்தபடி நீந்த வேண்டும். பிறகு அறைக்கு வந்து, படத்தை நிறுத்தி நிறுத்தி, திரையில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியின் கீழும் இருப்பது உயிர்ப் பவளமா, செத்ததா, பாசியா, மணலா என்று எண்ண வேண்டும். உலகத்திலேயே சலிப்பான வீடியோ அதுதான். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடியும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் அதற்கு நாக்கு முளைக்கிறது.

இயந்திரத்திடம் விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டுப் பார்த்தார்கள். 'சேஸிங் கோரல்' என்று 2017-ல் வந்த ஆவணப்படத்தில் அந்தக் கதை இருக்கிறது. பவளம் வெளுப்பதைக் கண்ணெதிரே காட்ட வேண்டும் என்று, தானாகப் படமெடுக்கும் கேமராக்களைச் சிறப்பாக வடிவமைத்துக் கடலடியில் பொருத்தினார்கள். எடுத்துப் பார்த்தால் படங்கள் ஃபோகஸில் இல்லை. மாதக்கணக்கான உழைப்பு வீண். 2016-ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டு சூடேறத் தொடங்கியபோது, வேறு வழியில்லாமல் மனிதர்களே இறங்கினார்கள். வாரக்கணக்கில், தினமும், அதே இடங்களில், அதே கோணத்தில் கையாலேயே எடுத்தார்கள். படத்தின் கடைசியில் முன்னும் பின்னும் அடுத்தடுத்து வருகிற அந்தக் காட்சிகளைப் பார்த்து அரங்குகளில் அழுதவர்கள் உண்டு. வெளுப்பில் அந்தத் திட்டின் ஆழமற்ற நீர்ப் பவளங்களில் சுமார் 30 சதவிகிதம் ஒன்பது மாதத்துக்குள் செத்துப்போயின.

அதே படத்தில் இன்னொரு காட்சி. நியூ காலிடோனியாவில் சில பவளங்கள், சாவதற்கு முன் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக ஒளிர்கின்றன. சூட்டிலிருந்து தப்பிக்க அவை செய்கிற கடைசி முயற்சி அது என்கிறார்கள். விவரம் தெரியாத சுற்றுலாப் பயணி அதைப் பார்த்தால், ஆகா என்ன அழகு என்று படமெடுத்துக்கொண்டு போவார். அழகான படம் மட்டும் போதாது என்பதற்கு வேறென்ன உதாரணம் வேண்டும்?

ஒரு காலத்தில் கடலடியில் படமெடுக்கக் கப்பலும் குழுவும் வேண்டும். 16 எம்.எம். கேமராவில் 100 அடிச் சுருள் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். மாற்றுவதற்கு மேலே வர வேண்டும். எதை எடுப்பது என்று யோசித்தே எடுத்தார்கள். இன்று உள்ளங்கையில் அடங்கும் கேமரா எல்லார் கையிலும் இருக்கிறது. நீளக் கோலில் மாட்டி, ஆமையின் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறார்கள். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையால் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 2001-லிருந்து நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்களுக்கு முதல் அட்டவணையில் இடம், புலிக்குச் சமமான பாதுகாப்பு. புலியின் முதுகில் கை ஊன்றிக்கொண்டு யாரும் படமெடுப்பதில்லை. பவளம் உறுமாது என்பதுதான் அதன் துரதிர்ஷ்டம். கருவி மலிவாகிவிட்டது. அந்தரத்தில் அசையாமல் நிற்கிற பயிற்சி மட்டும் மலிவாகவில்லை.

கிளம்புகிற அன்று மறக்காமல் எச்சரித்தார். கடலுக்குள் இறங்கிய பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியிட்டுவிடும். பிறகு பென் டிரைவை நீட்டும்போது சற்றுத் தயங்கினார். "அந்தக் கால் தட்டின இடத்தை வெட்டிடட்டுமா சார்? எல்லாரும் வெட்டச் சொல்வாங்க."

கூஸ்தோவின் டைனமைட் ஞாபகத்துக்கு வந்தது. இருக்கட்டும் என்றேன்.

வீடியோ மூன்று நிமிடம் 40 நொடி. பின்னணியில் ஒரு இந்திப் பாட்டு. நண்பர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியாயிற்று. எல்லாரும் கண்ணாடிக்குள் பிதுங்கிய என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் ஓரமாக வருகிற வலது காலை இதுவரை யாரும் கவனித்ததில்லை.

அண்மையில் அவருடன் போனில் பேசினேன். நங்கூரத்துப் பாறையை இந்த வருஷமும் எடுத்துவிட்டாராம். "உங்க கிளையையும் போகும்போது வரும்போது பார்ப்பேன் சார்" என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 

"முறிஞ்ச இடத்துல பாசி பிடிச்சிருக்கு. கீழ ஒரு பக்கம் லேசா குருத்து மாதிரி தெரியுது. குருத்துதானான்னு இப்பவே சொல்ல முடியாது. அடுத்த சீசன்ல அதே எடத்துல நின்னு எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்."